வேலையைக் காட்டும் வேலை

மட்டாஞ்சேரியில் மூட்டை தூக்கியவர்களும் வலை இழுத்தவர்களும் கற்றுக்கொண்ட புதிய தொழிலுக்கு வாத்தியார் கிடையாது, சான்றிதழும் கிடையாது.

ஜூ டவுன் தெருவுக்குள் நுழைந்து பத்தடி நடப்பதற்குள் கடைக்காரர்கள் உங்களை எடைபோட்டுவிடுகிறார்கள். தொப்பி, செருப்பு, தண்ணீர் பாட்டிலைப் பிடித்திருக்கும் விதம், கூட வரும் குழந்தைகளின் எண்ணிக்கை - இவ்வளவு போதும். முன்னால் போகும் வெள்ளைக்காரத் தம்பதிக்கு ஒரு 'பான்ஷூர்' விழுகிறது. பின்னால் வரும் வடக்கத்திக் குடும்பத்துக்கு 'ஆயியே பெஹன்ஜி'. நடுவில் மாட்டிக்கொண்ட நமக்கு, 'வாங்க அண்ணா, வாங்கலேன்னாலும் பரவாயில்லை, சும்மா பாருங்க!' கூப்பிட்டவர் தமிழரும் இல்லை, மலையாளியும் இல்லை. காஷ்மீரி. பின்னால் தொங்கும் சால்வைகளே சாட்சி.

இந்தத் தமிழை அவர் எந்தப் பள்ளியிலும் படிக்கவில்லை. தேவை கற்றுக் கொடுத்தது. 1990களில் காஷ்மீரில் துப்பாக்கிகள் பேசத் தொடங்கி அங்கே டூரிஸ்ட் வரத்து நின்றபோது, அங்கிருந்து தெற்கே வந்த வியாபாரிகளில் பலர் டூரிஸ்ட் இருக்கும் இடம் தேடி இந்தத் தெருவுக்கு வந்து சேர்ந்தார்கள். முதலில் ஆங்கிலம் போதுமாக இருந்தது. பிறகு கொஞ்சம் பிரெஞ்சு, கொஞ்சம் இத்தாலியன். இப்போது தமிழ்.

காரணம் கேரள சுற்றுலாத் துறையின் கணக்கிலேயே இருக்கிறது. 2019-ல் கேரளத்துக்கு வந்த வெளிநாட்டவர் 11.89 லட்சம். உள்நாட்டுப் பயணிகள் 1.83 கோடி. அடுத்த ஆண்டு கொரோனா வந்து இரண்டையும் துடைத்துப் போட்டது. 2024-ல் உள்நாட்டுப் பயணிகள் 2.22 கோடியாகப் பழைய அளவைத் தாண்டிவிட்டார்கள். வெளிநாட்டவர் 7.38 லட்சத்தோடு நின்றார்கள். கொச்சியை உள்ளடக்கிய எர்ணாகுளம் மாவட்டம்தான் இந்த வரத்தில் பெரும் பங்கு வாங்குகிறது. வெளி மாநிலங்களிலிருந்து வருபவர்களில் தமிழ்நாட்டுக்காரர்கள் முன்வரிசையில் இருக்கிறார்கள். ஆக, மட்டாஞ்சேரித் தொழிலாளி கற்க வேண்டிய புதிய பாடம், நீங்களும் நானும்தான்.

நாம் அவ்வளவு சுலபமான பாடம் இல்லை. ஒரு ஜெர்மானியருக்கு மிளகுக் கொடியைக் காட்டினால் அதுவே ஒரு காட்சி. கறுப்பு மிளகும் வெள்ளை மிளகும் ஒரே கொடியில் காய்ப்பவை என்று சொன்னால் புருவம் உயரும், நோட்டுப் புத்தகம் திறக்கும். நம்மவர் ஒரு மிளகை எடுத்து நறுக்கென்று கடித்துவிட்டு, 'கிலோ என்ன விலை?' என்கிறார். சொன்ன விலையில் பாதிக்குக் கேட்கிறார். கைடு வைத்துக்கொள்ளும் பழக்கம் நமக்குக் கிடையாது. 'எல்லாம் போனிலேயே இருக்கு' என்று நடந்துவிடுகிறோம். பிரெஞ்சு பேசும் உரிமம் பெற்ற கைடு ஒருவருக்கு, நூறு பேர் கொண்ட தமிழ் டூர் பஸ் வந்து நின்றாலும் அன்று வருமானம் பூஜ்யமாகவே இருக்கலாம். கூட்டம் கூடியிருக்கிறது என்ற செய்தியும் வயிறு நிறைந்திருக்கிறது என்ற செய்தியும் ஒன்றல்ல என்பது இந்த ஊரில் நடந்தால்தான் புரியும்.

மட்டாஞ்சேரிக்கு இது முதல் மாற்றம் இல்லை. டூரிஸ்ட் வருவதற்கு முன் இங்கே வந்தவை மூட்டைகள். பஜார் ரோட்டில் நிற்கும் நீண்ட ஓட்டுக் கட்டடங்களைப் பாருங்கள். முன்வாசல் தெருவில், பின்வாசல் காயலில். பின்பக்கம் வள்ளங்களில் வந்திறங்கும் மிளகும் சுக்கும் ஏலமும் மஞ்சளும் முன்பக்கமாக வியாபாரத்துக்குப் போகும். குஜராத்திகள், கச்சி மேமன்கள், கொங்கணிகள், தமிழ்ச் செட்டிகள், யூதர்கள் என்று ஒரு டஜன் மொழிகள் இந்தச் சில சதுர கிலோமீட்டருக்குள் கணக்கு எழுதின. தூக்கிச் சுமந்தவர்கள் பெரும்பாலும் உள்ளூர் ஏழைகள்.

அவர்களுக்கு வேலை கிடைத்த விதம் ஒரு தனிக் கதை. துறைமுகத்தில் 'சாப்பா' என்று ஒரு முறை இருந்தது. காலையில் கூடி நிற்கும் கூட்டத்தின் நடுவே உலோக வில்லைகளை வீசி எறிவார்கள். முண்டியடித்துப் பொறுக்கியவனுக்கு அன்றைக்குக் கூலி. மற்றவன் வீட்டுக்குப் போகலாம். இதை எதிர்த்து நடந்த போராட்டத்தில், 1953 செப்டம்பரில், மட்டாஞ்சேரியில் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடந்து தொழிலாளிகள் உயிரிழந்தார்கள். இந்த வரலாற்றை வைத்து ராஜீவ் ரவி இயக்கிய 'துறமுகம்' படம் 2023-ல் வெளிவந்தது. ஜூ டவுன் சுற்றிக் காட்டும் கைடுகளில் இதைச் சொல்பவர்கள் குறைவு. சாப்பா எங்கே வீசப்பட்டது என்று கேட்டு எந்த டூரிஸ்டும் வருவதில்லை என்பது அவர்கள் பக்கத்து நியாயம்.

ராபர்ட் பிரிஸ்டோ என்ற ஆங்கிலேயப் பொறியாளர் மண்ணை வாரிக் கொட்டி வெலிங்டன் தீவை உருவாக்கியபோதே கப்பல்கள் மட்டாஞ்சேரிக் கரையைவிட்டு நகரத் தொடங்கிவிட்டன. பிறகு கண்டெய்னர் வந்தது. 2011-ல் வல்லார்பாடம் கண்டெய்னர் முனையம் திறந்தது. இரும்புப் பெட்டிக்கு மூட்டை தூக்கும் முதுகு தேவையில்லை, கிரேன் ஓட்டும் கைதான் தேவை. சரக்கு போக, கிடங்குகள் மட்டும் நின்றன. அவற்றில்தான் பழம்பொருள் கடைகளும் கஃபேக்களும் குடியேறின. சுக்குக் கிடங்கு இருந்த இடத்தில் உணவு விடுதி. மிளகு மணம் மட்டும் சுவரில் ஊறிக் கிடக்கிறது, அதை அகற்ற யாரும் முயலவில்லை. அதுவும் இப்போது சரக்குதான்.

இதே தெருவில் மிளகுக்கு ஒரு பங்குச் சந்தை இருந்தது. 1957-லிருந்து, இந்திய மிளகு வாசனைப் பொருள் வர்த்தகச் சங்கத்தின் கூடத்தில், தரகர்கள் தொண்டை கிழியக் கத்தி மிளகுக்கு முன்பேர விலை வைத்தார்கள். வெளியே நிற்பவருக்கு அடிதடி நடப்பதுபோல் இருக்கும். டூரிஸ்டுகள் எட்டிப் பார்த்து வியந்தார்கள். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் கம்ப்யூட்டர் வந்ததும் கத்தல் நின்றது. சத்தத்தில் நாலு விலையைப் பிரித்துக் கேட்கும் காது, ஒரு விரலசைவில் பேரம் முடிக்கும் வேகம் எல்லாம் ஒரே அடியில் வேண்டாதவை ஆயின. பார்க்க வந்தவர்களும் நின்றுபோனார்கள். திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மனிதனைப் பார்க்க யார் வருவார்?

கேரளத்தில் 'நோக்குகூலி' என்று ஒரு சொல் உண்டு. உங்கள் வீட்டுச் சாமானை நீங்களே இறக்கிக்கொண்டாலும், கிரேன் வைத்து இறக்கினாலும், பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும் சுமைத் தொழிலாளிக்குக் கூலி கொடுத்தாக வேண்டும் என்ற வழக்கம். பார்ப்பதற்குக் கூலி. மாநிலம் முழுக்கத் திட்டு வாங்கிய இந்த வழக்கத்தை 2018 மே முதல் தேதியோடு ஒழிப்பதாக அரசு அறிவித்தது. மட்டாஞ்சேரியிலும் ஃபோர்ட் கொச்சியிலும் நடப்பது அதற்கு நேர்மாறானது. இங்கே ஒருவர் வேலை செய்வார், மற்றவர் பார்ப்பார், பார்ப்பவர் கூலி கொடுப்பார். தொழிலாளி தன் பழைய வேலையோடு புதிதாக ஒன்று கற்றாக வேண்டும் - அந்த வேலையைக் காட்டும் வேலை.

இதைப் பார்க்க ஏற்ற இடம் சீன வலை. மட்டாஞ்சேரியிலிருந்து ஆட்டோவில் பத்து நிமிடம், ஃபோர்ட் கொச்சிக் கடற்கரை. குப்ளாய் கானின் ஆட்கள் கொண்டுவந்தது என்று ஒரு கதை, மக்காவிலிருந்து போர்ச்சுக்கீசியர் கொண்டுவந்தது என்று இன்னொரு கதை. உங்களுக்கு எது கிடைக்கும் என்பது ஆட்டோக்காரரைப் பொறுத்தது. வலையின் இயக்கம் எளிமையானதுபோல் தோன்றும். ஒரு நெம்புகோல்தான். ஒரு முனையில் பிரமாண்டமான வலை, மறு முனையில் கயிறுகளில் தொங்கும் கல் குண்டுகள். ஒருவர் மரத்தின் மீது நடந்து போனால் அவர் எடைக்கே வலை நீரில் தாழும். சில நிமிடம் கழித்து நான்கைந்து பேர் கயிற்றைப் பிடித்து இழுத்தால் கற்கள் இறங்கி வலை எழும். எந்த ஏற்றத்தில் எவ்வளவு நேரம் தாழ்த்தி வைப்பது, எந்தக் கல்லை எங்கே கட்டுவது, வழுக்கும் மரத்தில் காலை எப்படி ஊன்றுவது - இவையெல்லாம் பல வருடம் பக்கத்தில் நின்று பழகினால் வருபவை.

அத்தனையும் தெரிந்து என்ன பயன் என்று கேட்கும் நிலையில் இருக்கிறது மீன் வரத்து. வலை எழும்போது நீங்களே பாருங்கள். ஒரு கைப்பிடி சில்லறை மீன், ஒரு நண்டு, சில சமயம் ஒரு கூடை ஆகாயத்தாமரை, பிளாஸ்டிக். தேக்கும் ஆஞ்சிலியும் வாங்கி மரத்தை மாற்றும் செலவைத் தாங்க முடியாமல் இரும்புக் குழாய்க்கு மாறிய வலைகள் உண்டு. அங்கே தச்சர் போய் வெல்டர் வந்துவிட்டார். மீனால் ஓடாத வலையை ஓட்டுவது என்ன? 'கம், கம், புல்!' என்ற அழைப்புதான். டூரிஸ்ட் மேடையேறுகிறார், கயிற்றைப் பிடிக்கிறார், நான்கு பேர் இழுக்கும் கயிற்றில் தன் கையும் இருப்பதாகப் படம் எடுத்துக்கொள்கிறார், இறங்கும்போது ஒரு நோட்டு நீட்டுகிறார். வெளிநாட்டவர் பெரும்பாலும் நீட்டுவார். நம்மவர் செல்ஃபி எடுத்துக்கொண்டு கரையிலேயே நின்றுவிடுவார்.

இந்தக் காட்சியைக் கண்டு 'பாரம்பரியம் பிச்சையெடுக்கிறது' என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. எந்த நாட்டுக்காரருக்குக் கயிற்றின் எந்த இடத்தைக் கொடுத்தால் விழாமல் இழுப்பார், எந்தக் குழந்தையை மேடையேற்றக் கூடாது, எப்போது சிரிப்பது, எப்போது பணத்தைப் பற்றிப் பேசாமல் இருப்பது என்பதெல்லாம் கூர்மையான திறமைகள். ஸ்டார் ஹோட்டல் வரவேற்பறையில் இதற்குத்தான் பயிற்சி கொடுத்துச் சம்பளமும் கொடுக்கிறார்கள். இங்கே சம்பளம் இல்லை, அவ்வளவுதான். கவலை வேறு. வலையைக் காட்டத் தெரிந்தவர்கள் இருப்பார்கள், வலையைக் கட்டத் தெரிந்தவர்கள் எத்தனை பேர் மிஞ்சுவார்கள் என்பதுதான்.

கதகளியும் இதே சந்தைக்கு வந்து வெகு நாளாகிறது. கோயில் முற்றத்தில் விடிய விடிய நடப்பதை ஃபோர்ட் கொச்சி அரங்குகளில் மாலையில் ஒன்றரை மணி நேரத்துக்குச் சுருக்கிவிட்டார்கள். சுருக்கியதில் ஒரு சாமர்த்தியமும் இருக்கிறது. முன்பு திரைக்குப் பின்னால் யாரும் பார்க்காமல் நடந்த ஒப்பனையை மேடைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். ஆட்டம் தொடங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பே டிக்கெட்காரர்கள் வந்து உட்காருகிறார்கள். நடிகர் மல்லாந்து படுத்துக் கிடக்க, அரிசி மாவும் சுண்ணாம்பும் கலந்து தாடையோரம் சுட்டி வைப்பதைப் பார்க்கிறார்கள். கண்ணில் சுண்டப்பூ வித்தை வைத்துச் சிவக்க வைப்பதைப் பார்த்துச் சிலிர்க்கிறார்கள். பலருக்கு ஆட்டத்தைவிட இதுதான் பிடிக்கிறது. எட்டு வருடம் கண்ணையும் காலையும் பழக்கிய கலைஞர், தூங்குவதுபோல் படுத்திருப்பதற்குக் கைதட்டல் வாங்குகிறார். கோயில் சீசன் இல்லாத மாதங்களிலும் அடுப்பு எரிகிறது என்பதால் குறை சொல்லத் தயக்கமாக இருக்கிறது.

மட்டாஞ்சேரிக்கே திரும்புவோம். பரதேசி சினகாக் 1568-ல் கட்டப்பட்டது. தரையில் சீனாவிலிருந்து வந்த நீலமும் வெள்ளையுமான ஓடுகள். ஒன்றைப்போல் இன்னொன்று இருக்காது என்று கைடு அடித்துச் சொல்வார். பொறுமையாகக் குனிந்து நாலு ஓட்டை ஒப்பிட்டுப் பார்த்தவர்களுக்கு இதில் சந்தேகம் வரும். பக்கத்து 'டச்சு அரண்மனை'யைக் கட்டியவர்கள் டச்சுக்காரர்கள் இல்லை, போர்ச்சுக்கீசியர்கள். அதையும் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஆனால் இந்தத் தெருவுக்கு வந்தவர்களில் பலர் பார்த்துச் சென்றது ஓட்டையும் அரண்மனையையும் மட்டும் அல்ல. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஒரு மூதாட்டியையும்தான். சாரா கோஹன். யூதச் சமூகத்தில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குப் போய்விட்ட பிறகும் போகாமல் இருந்தவர். பூவேலை செய்த துணிகளும் யூதத் தொப்பிகளும் விற்கும் கடையைத் தன் வீட்டிலேயே நடத்தியவர். 2019-ல், 96 வயதில் இறந்தார். அவரை முதுமையில் கவனித்துக்கொண்ட முஸ்லிம் குடும்பத்தார்தான் கடையைத் தொடர்ந்து நடத்தினார்கள். அந்த ஊசி வேலை சமூகத்தைத் தாண்டி அண்டை வீட்டுக்குக் கைமாறியது. வாங்க வந்தவர்களில் எத்தனை பேர் துணிக்காக வந்தார்கள், எத்தனை பேர் அவரைப் பார்க்க வந்தார்கள் என்று பிரிப்பது கஷ்டம். ஒரு மனிதரே காட்சிப்பொருள் ஆவதன் சங்கடத்தை அவர் எப்படிச் சகித்தாரோ.

சங்கடம் இல்லாமல் இதைச் செய்யக் கற்றவர்கள் ஹோம் ஸ்டே பெண்கள். கேரள அரசு 1986-ல் சுற்றுலாவைத் தொழிலாக அறிவித்தது. 1989-ல் 'கடவுளின் சொந்த நாடு' என்ற விளம்பர வாசகம் பிறந்தது. அதன் பலனை ஃபோர்ட் கொச்சி வீடுகள் அனுபவித்தது ஹோம் ஸ்டே வழியாகத்தான். வீட்டுக்காரர் அதே வீட்டில் குடியிருக்க வேண்டும், சில அறைகளை மட்டும் வாடகைக்கு விடலாம். டைமண்ட், கோல்டு, சில்வர் என்று அரசு தரம் பிரிக்கிறது. மகன் துபாய்க்கோ கனடாவுக்கோ போய்க் காலியான மாடியறைக்கு இதைவிட நல்ல வழி என்ன?

அந்த வீட்டு அம்மாவின் ஒரு நாளைப் பாருங்கள். வெளிநாட்டவர் வந்திறங்கினால் 24 மணி நேரத்துக்குள் அவர் விவரத்தை ஆன்லைனில் ஏற்ற வேண்டும். தவறினால் போலீஸ் கேள்வி கேட்கும். காலையில் புட்டும் கடலையும், ஆனால் காரம் குறைத்து. பகலில் மீன் மோளி செய்யக் கற்றுக்கொடுக்கும் வகுப்பு. தேங்காயிலிருந்து முதல் பால், இரண்டாம் பால் எடுப்பதை நின்று விளக்க வேண்டும். இரவில், 'குளியலறையில் பல்லி' என்று எவனோ ஒருவன் இன்டர்நெட்டில் மூன்று நட்சத்திரம் போட்டுவிட்டுப் போனதற்குப் பணிவாக ஆங்கிலத்தில் பதில் எழுத வேண்டும். இந்த வேலைகளில் பாதியை அவர் இருபது வருடமாகச் சம்பளமில்லாமல் செய்துகொண்டுதான் இருந்தார். வீட்டு வேலை என்று பெயர். அதே வேலைக்கு இன்று ரேட் கார்டு இருக்கிறது. இந்த ஊரின் மாற்றங்களில் எனக்குத் தயக்கமில்லாமல் பிடித்தது இதுதான்.

பெரிய ஹோட்டல்களின் கதை வேறு. அங்கே வேலைக்குச் சேரப் படிப்பு வேண்டும். அதற்குக் களமசேரியில் ஃபுட் கிராஃப்ட் இன்ஸ்டிட்யூட் இருக்கிறது. 1988-ல் தொடங்கிய 'கிட்ஸ்' என்ற கேரள சுற்றுலா, பயணக் கல்வி நிறுவனம் திருவனந்தபுரத்தில் இருக்கிறது. முன் அலுவலகம், ஹவுஸ்கீப்பிங், டிக்கெட், மேலாண்மை என்று கற்றுத் தருகிறார்கள். படித்து முடித்த மலையாளி இளைஞர்களில் பலர் கப்பலுக்கும் வளைகுடாவுக்கும் விமானம் ஏறுகிறார்கள். அவர்கள் விட்டுப்போன சமையலறைகளிலும் கஃபேக்களிலும் அசாம், வங்காளம், ஒடிசா பையன்கள் அப்பம் சுடுகிறார்கள். கேரள உணவு என்று சொல்லி நமக்குப் பரிமாறப்படும் அப்பத்தின் ஓரம் மொறுமொறுவென்று இருந்தால், அந்தப் பாராட்டு பிரம்மபுத்திராக் கரைக்கும் சேரலாம்.

2012 டிசம்பரில் தொடங்கிய கொச்சி-முசிரிஸ் பினாலே இன்னொரு வகை வேலைகளைக் கொண்டுவந்தது. ஆஸ்பின்வால் ஹவுஸ், பெப்பர் ஹவுஸ் போன்ற பழைய கிடங்குகளில் நவீன ஓவியமும் சிற்பமும். கலைஞர் கேட்கும் விசித்திரமான சட்டங்களைச் செய்து கொடுக்கத் தச்சர், விளக்கு மாட்ட எலக்ட்ரீஷியன், பார்வையாளருக்கு விளக்கம் சொல்லக் கல்லூரி மாணவர்கள். மிளகு மூட்டை சுமந்து பழகிய ஊர், உடையக்கூடிய பெட்டியைப் பஞ்சுபோல் இறக்கவும் பழகியது. ஆனால் பினாலே ஒன்றுவிட்டு ஒரு வருடம், அதுவும் சில மாதங்கள்தான். கொரோனாவில் அதுவும் தவறி, 2018-க்குப் பிறகு 2022-ல்தான் நடந்தது.

படகுத்துறைக்கு வந்தால் அங்கேயும் மாற்றம். மட்டாஞ்சேரியின் பழைய துறை வண்டல் மேடிட்டுப் பல ஆண்டுகள் படகு வராமல் கிடந்தது. 2025 அக்டோபரில் வாட்டர் மெட்ரோ இங்கே நிற்கத் தொடங்கியது. பழைய படகில் மேலே நிற்கும் ஸ்ராங்கு மணியடித்துத்தான் கீழே இன்ஜின்காரருக்குக் கட்டளை கொடுப்பார். புதியது பாட்டரியில் ஓடுகிறது, ஓட்டுநர் முன்னால் திரைகள் மின்னுகின்றன. மணி இல்லை. சொகுசாக இருக்கிறது. ஏசி வேறு.

2020 மார்ச்சில் எல்லாம் ஒரே நாளில் நின்றபோது ஒரு விஷயம் வெளிச்சமானது. காட்டுவதை மட்டுமே தொழிலாகக் கொண்டவர்களிடம் பார்ப்பதற்கு ஆள் இல்லையென்றால் ஒன்றுமே மிஞ்சவில்லை. வலைக்காரரிடம் வலையாவது இருந்தது. கைடிடம் கதை மட்டும்தான். அதற்கு முன் 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் கொச்சி விமான நிலையம் இரண்டு வாரம் மூடிக் கிடந்தபோதே இதற்கு ஒத்திகை பார்த்தாகிவிட்டது.

கடைசியாக வேலிக்கு வாருங்கள். ஆட்டோக்காரர்கள் தாங்களாகவே உங்களை அங்கே கொண்டுபோய் நிறுத்துவார்கள். ஃபோர்ட் கொச்சியின் வேலிப் பகுதியில் இருக்கிறது டோபி கானா. உள்ளே நுழைந்ததும் முதலில் காதில் விழுவது துவைகல்லின் சத்தம். இரண்டாவது, தமிழ்.

இவர்கள் வண்ணார் சமூகத்தவர். டச்சுக்காரர்கள் தங்கள் சிப்பாய்களின் சீருடைகளை வெளுப்பதற்காகத் தமிழ் மண்ணிலிருந்து கொண்டுவந்து குடியமர்த்தியதாகச் சொல்லப்படுகிறது. டச்சுக்காரர் போனார், வெள்ளைக்காரர் வந்தார், அவரும் போனார். துணி மட்டும் வந்துகொண்டே இருந்தது. குளக்கரைகளில் துவைத்துக்கொண்டிருந்தவர்களுக்கு, 1976-ல் கொச்சி வளர்ச்சி ஆணையம் இந்த இடத்தைக் கட்டிக் கொடுத்தது. வரிசையாகத் தடுப்புகள், ஒவ்வொன்றிலும் ஒரு தொட்டி, ஒரு கல். குடும்பத்துக்கு ஒன்று என்ற கணக்கு. பின்னால் உலர்த்தும் மைதானம். அங்கே கட்டியிருக்கும் கயிற்றைப் பாருங்கள். ஒற்றைக் கயிறு இல்லை. இரண்டு பிரியை முறுக்கிக் கட்டியது. துணியின் நுனியை முறுக்கின் இடையில் செருகிவிட்டால் எந்தக் காற்றுக்கும் பறக்காது. கிளிப்பே கிடையாது. காஞ்சிபுரத்திலோ கோவில்பட்டியிலோ நம் பாட்டிமார் காலத்தில் பார்த்த அதே வித்தை.

இஸ்திரிக் கூடத்தில் கரிப் பெட்டிகள் இன்னும் இருக்கின்றன. சிரட்டைக் கரி போட்டுக் கனன்ற பெட்டி. தூக்கிப் பார்க்கச் சொல்வார்கள், தூக்குங்கள். மணிக்கட்டு சொல்லும். மின்சாரப் பெட்டிக்கு மாறியவர்களும் இருக்கிறார்கள். கஞ்சி எந்தத் துணிக்கு எவ்வளவு கெட்டியாக இருக்க வேண்டும், வெள்ளைக்கு நீலம் எத்தனை சொட்டு, முகூர்த்த வேட்டியின் கரையை எந்தப் பக்கமிருந்து தேய்க்க வேண்டும் - இந்தப் பாடத்திட்டம் எந்த இன்ஸ்டிட்யூட்டிலும் இல்லை. பத்துப் பதினைந்து இடத்திலிருந்து வரும் ஒரே மாதிரி வெள்ளை விரிப்புகளைக் குழப்பாமல் பிரித்துக் கொடுக்கும் ஞாபகத்தை எந்தச் சான்றிதழில் எழுதுவது?

இங்கேயும் டூரிஸ்ட் வருகிறார், படம் எடுக்கிறார். கல்லில் ஓங்கி அறையும் கையோடு சேர்ந்து தெறிக்கும் தண்ணீர் காமிராவுக்கு அழகு. ஆனால் வலைக்கும் டோபி கானாவுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. பார்வையாளர் வராவிட்டாலும் இங்கே வேலை நடக்கும். ஏனென்றால் வேலையைக் கொடுப்பதே சுற்றுலாதான். ஸ்டார் ஹோட்டல்களுக்குச் சொந்தச் சலவை இயந்திரம் உண்டு. மூன்று அறை, நான்கு அறை வைத்திருக்கும் ஹோம் ஸ்டேக்கு அது கட்டுப்படியாகாது. நாளுக்கு எட்டு விரிப்பு, பத்துத் துண்டு, தலையணை உறை. ஜூன் மாத மழையில் மொட்டை மாடியில் எதைக் காய வைப்பது? எல்லாம் வேலிக்கு வருகின்றன. ஹோம் ஸ்டே அம்மாவின் டைமண்ட் தரத்துக்குப் பின்னால் இங்கே ஒருவரின் முழங்கை இருக்கிறது. அரசின் சுற்றுலாக் கணக்கில் அம்மா சேர்கிறார். முழங்கை எந்தப் பத்தியில் சேர்கிறது என்று தேடினேன்.

கல்லின் முன் நிற்பவர்களில் நரைத்த தலைகள் அதிகம். பிள்ளைகள் படித்துவிட்டார்கள். நாள் முழுக்கத் தண்ணீரில் நின்று கால் விரல்கள் ஊறிப்போன தகப்பன், மகனும் அப்படி நிற்க வேண்டும் என்று ஏன் நினைக்க வேண்டும்? ஜாதியின் பெயரால் தலையில் ஏற்றப்பட்ட தொழிலிலிருந்து ஒரு தலைமுறை இறங்கிப் போவதைப் 'பாரம்பரியம் அழிகிறது' என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அந்தப் பிள்ளை ஒரு ஹோட்டலில் ஹவுஸ்கீப்பிங் வேலைக்குச் சேர்ந்தால், விரிப்பைச் சுருக்கமில்லாமல் விரிப்பதற்குச் சீருடை, பி.எப்., விடுமுறை எல்லாம் கிடைக்கும். அதே விரிப்பை வெளுத்துக் கொடுத்த தகப்பனுக்கு உருப்படிக்கு இவ்வளவு என்ற கூலி மட்டும்தான். தொழிலில் எது திறமை, எது வெறும் உழைப்பு என்று தீர்மானித்தவர்கள் துவைகல் பக்கம் வந்ததில்லை போலிருக்கிறது.

நாலு மணிக்கு வெயில் சாயத் தொடங்கும்போது மைதானத்தில் துணி எடுக்கிறார்கள். முறுக்குக் கயிற்றிலிருந்து ஒரே இழுப்பில் விரிப்பு கழன்று வருகிறது. காற்றில் ஒரு உதறு, இரண்டு மடிப்பு, அடுக்கில் ஒன்று. வெளிநாட்டுப் பெண் ஒருவர் குத்துக்காலிட்டு அதைப் படமெடுத்துக்கொண்டிருந்தார். மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பெரியவர் ஒருவர் அவருக்காக இன்னொரு விரிப்பைக் கொஞ்சம் உயர்த்தியே உதறினார். பிறகு மூட்டையைச் சைக்கிளில் கட்டினார். வீட்டுக்கு வீடு எண்ணிக் கொடுக்க வேண்டும். அவர் மிதித்த அதே தெரு வழியாகத்தான் அந்தப் பெண்ணின் ஆட்டோவும் திரும்பியது. அன்றிரவு அவர் படுக்கப்போகும் விரிப்பு எந்த வண்டியில் போனது என்று யார் கண்டது.